ஜப்பானில் பழைய புல்கூரை வீடுகளைக் காக்கும் தொண்டு அமைப்பை நடத்த முடியுமா? பணத்துக்கு என்ன வழி?

நீங்கள் அங்கே ஒரு புல்கூரை வீட்டைப் பார்த்து மயங்கியவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். பதிவு செய்வது பெரிய விஷயமில்லை. 1998இல் வந்த சட்டப்படி பத்து உறுப்பினர்கள் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். பாடு அதற்கு அப்புறம்தான்.

நான் ஒரு மலைக்கிராமத்தில் இப்படிப்பட்ட அமைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். ஷிரகவாகோ மாதிரி 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் இல்லை. அங்கே கூரை மாற்ற அரசு மானியம் உண்டு, சுற்றுலாக் காசும் உண்டு. எங்களுக்கு எப்போதாவது வரும் மானியமும் கூரைக்கு என்றால் கூரைக்கு மட்டும்தான். விறகுக்கும் ஆள் சம்பளத்துக்கும் ஒரு யென் தேறாது. ஆனால் அந்தப் புல்லைக் காப்பதே இரோரி அடுப்பின் புகைதான். வீட்டின் நடுவே தரையில் பதித்த அடுப்பு அது. தீ மூட்டாமல் பூட்டிப் போட்டால் ஈரம் ஏறி, பூச்சி அரித்து, முப்பது வருடம் தாங்க வேண்டிய கூரை சீக்கிரமே மக்கிவிடும். மூட்டுவது யார்? பக்கத்து வீட்டுப் பாட்டிகள்.

ஒருமுறை மானியத்துக்கு மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். எங்கள் பக்கம் கூரை வேய்கிறவரே ஒருத்தர்தான்! புல் அறுத்துக் கொடுக்கும் தாத்தாவிடம் ரசீது கேட்டால், "காசு எதுக்கு, அடுத்த வருஷம் என் கூரைக்கு வந்து கைகொடு" என்கிறார். அந்தக் காலத்தில் ஊரே கூடி அப்படித்தான் வேய்ந்தது. கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுத? பணமும் வேலை முடிந்த பிறகுதான் வந்தது, அதுவரை தலைவரின் கைக்காசு. "பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம். கேட்கட்டும். கணக்கு எழுதுகிறவனுக்கும் சம்பளம் கொடுக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. கூரை மேல் ஏறிப் புல் கட்ட நான் வேண்டும். நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டால் மட்டும் தரகர் சிரித்தபடியே, "உரிமையாளர் வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை" என்கிறார். இத்தனைக்கும் 2023 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி.

சரி, பணத்துக்கு வருகிறேன். வருடத்துக்குச் சராசரியாக 100 பேர் தலா 3,000 யென்னாவது கொடுத்தால், கொடை தருகிறவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அங்கீகாரத்துக்கு முக்கியமான ஒரு நிபந்தனை தீரும். பெரிய கொடையாளரைத் தேடி அலைவதைவிட இது நடக்கிற காரியம். ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் கெர் 1973இல் வாங்கிய சீயோரி என்ற புல்கூரை வீட்டில் இப்போது பயணிகள் வாடகைக்குத் தங்குகிறார்கள். அந்த வழியும் உண்டு, ஆனால் கழிப்பறை, குளியலறை, தீயணைப்பு விதி என்று முதலிலேயே பெரிய தொகை இறங்கும். அதனால் வீட்டை வாங்கும் முன் விறகு, காப்பீடு, பகுதிநேர ஆள் இவற்றுக்கான ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை மானியத்துக்கு அப்புறம் விண்ணப்பிக்கலாம்.