வாசகர் கேள்வி: மருந்துக்கு மசியாத ஆஸ்பத்திரிக் கிருமி

கேள்வி: அப்பாவின் ஆபரேஷன் காயத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி என்கிறார்கள். அவர் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லைம்மா, பழகியது உடம்பு இல்லை, கிருமி. எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு மசியாத ஒரு பாக்டீரியா. மெத்திசிலின் வகை மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். இந்தக் கிருமியோ, மருந்து சரியாக ஒட்டாத வேறொரு புரதத்தை வைத்துச் சுவரைக் கட்டிக்கொள்கிறது. மெத்திசிலின் வந்த கொஞ்ச நாளிலேயே, 1961இல், இங்கிலாந்தில் இதைப் பார்த்துவிட்டார்கள். பயப்படாதீர்கள், வான்கோமைசின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, நரம்பில் ஏற்றுவார்கள். வார்டில் கட்டில் கம்பியைத் தொட்ட கையோடு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டாதீர்கள். நுழையும்போதும் கிளம்பும்போதும் ஆல்கஹால் ஜெல்லை விரலிடுக்கு, நகக்கண் வரை தேய்த்துக் காயவிடுங்கள். அப்புறம், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை யாருக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.