கறள் தின்ற கொம்பி வானுக்குப் பட்டி பூசினால் போதுமா?

திருகோணமலை உப்புவெளியில் நிற்கும் 1974 வொக்ஸ்வாகன் கொம்பி கேம்பர், கதவுக்குக் கீழ்த் தகடு ஓட்டை, பட்டி (ஓட்டை நிரப்பும் பசை) பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாரம் தாங்குவதில், பெட்டிபோல் மடித்த அந்தக் கீழ்த் தகட்டுக்கும் பங்குண்டு.

கறள் பிடித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு ஒட்டவேண்டும். வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் பிடியுங்கள். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான். வானின் பொடி (உடற்கூடு) தொய்ந்தால் பிறகு கதவு பூட்டாது. பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் முதலே கழற்றுங்கள்.

நல்ல தகடு வரும்வரை கறளை வெட்டுங்கள். புதுத் தகட்டை மிக் வெல்டிங்கால் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே இழுவையாக இழுத்தால் சூட்டில் நெளியும். கடைசியில் பெட்டித் தகட்டின் உட்குழிவுக்குள் கறள் தடுப்பு மெழுகு விசிறுங்கள். திருகோணமலை உப்புக்காற்று உள்ளிருந்துதான் தின்னும்.