ஏற்காட்டுக்கே தலை சுற்றுகிறது, லடாக் போகலாமா?

கேள்வி: ஏற்காடு பஸ்ஸில் பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். ஜூலையில் டெல்லி வழியாக விமானத்தில் லே போக மகன் டிக்கெட் போட்டுவிட்டான். 5,000 அடிக்கே இந்தக் கதி என்றால் அங்கே என்ன ஆவேன்? வயது 58, பிபி மாத்திரை சாப்பிடுகிறேன்.
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அம்மா, ஏற்காட்டில் உங்களைப் படுத்துவது உயரம் இல்லை, வளைவு. 20 வளைவிலும் பஸ் இப்படியும் அப்படியும் திரும்பும்போது உள்காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘இல்லையே, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது, இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது. அதனால்தான் இறங்கிக் கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் நடந்ததும் சரியாகிவிடுகிறது. முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பாருங்கள், பாதி குறையும்.

காது அடைப்பதும், சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் வெடிக்கிற மாதிரி உப்பிக்கொள்வதும்தான் அங்கே உயரத்தின் வேலை. சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. வெளியே காற்றழுத்தம் குறைய, பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரிகிறது. உயரத்தில் ஆக்சிஜன் போதாமல் வரும் மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். தொட்டபெட்டா உச்சியே 2,637 தான்.

லே 3,500 மீட்டர். ஆக்சிஜன் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான், ஆனால் காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பதும் அவ்வளவுதான். இறங்கியதும் நன்றாகவே இருக்கும், அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது எல்லாம் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து வரும். அன்று சாயங்காலமே சாந்தி ஸ்தூபா படி ஏறலாம் என்று மகன் கூப்பிடுவார், போகாதீர்கள். முதல் இரண்டு நாள் அறை, பக்கத்துக் கடைத்தெரு, அவ்வளவுதான். தூக்க மாத்திரை வேண்டாம். கிளம்புவதற்கு முன் பிபி பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்கெல்லாம் லேயில் மலை நோய் வரும் என்று கிடையாது, எடுக்காதவருக்கு வராது என்றும் கிடையாது.

கேள்வி: வாரா வாரம் கோரிமேட்டிலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறேன், வயது 26. நண்பர்கள் நாலு பேர் மணாலியிலிருந்து பைக்கில் இரண்டே நாளில் லே போகிறோம், நடுவில் சர்ச்சுவில் டென்ட். எனக்கு உடம்பு பழகியிருக்கும்தானே? மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை தேவையா?
- வாசகர், அம்மாபேட்டை

பதில்: தொடைக்குப் பழகியிருக்கும் தம்பி, மூச்சுக்கு இல்லை. 1,500 மீட்டர் உயரம் வரை ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதில் உடம்பு எதையும் கற்றுக்கொள்வதில்லை. திடகாத்திரமான ஆட்களையும் மலை நோய் விடாது, சொல்லப்போனால் ‘எனக்கென்ன’ என்று வேகமாக ஏறுவதே அவர்கள்தான்.

உடம்பு பழகுவது இப்படி. ஆக்சிஜன் குறைந்ததைக் கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் ஒரு சின்ன உணர்வு உறுப்பு கண்டுபிடித்து மூச்சை வேகப்படுத்தும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மைக்கு மாறும், அதுவே மூச்சுக்கு பிரேக் போடும். இந்த இழுபறியில்தான் ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவன் சில விநாடி மூச்சே விடாமல் கிடந்து சட்டென்று பெரிதாக இழுப்பான், பார்ப்பவனுக்குத் தூக்கம் போய்விடும். சிறுநீரகம் ரத்தத்தில் இருக்கும் காரப் பொருளான பைகார்பனேட்டை வெளியே தள்ளித் தள்ளி இரண்டு மூன்று நாளில் அந்த பிரேக்கை எடுக்கிறது. அடிக்கடி ஒன்றுக்கு வந்தால் நல்லதுதான். டயமாக்ஸ் செய்வதும் இதே வேலையைத்தான், கொஞ்சம் முன்கூட்டியே. விரல் நுனியில் ஊசி குத்தும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சிவப்பணு ஊறுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும், பீட்ரூட்டைக் கிலோ கணக்கில் தின்றாலும் உங்கள் டூருக்குள் நடக்காது.

இனி உங்கள் திட்டம். மணாலி 2,050 மீட்டர், சர்ச்சு சுமார் 4,290. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது கணக்கு, நீங்கள் ஒரே நாளில் 2,200 தாண்டுகிறீர்கள்! நான் என்றால் ஸ்ரீநகர் வழியாகப் போவேன். ஸ்ரீநகர் ஏறக்குறைய நம் ஏற்காடு உயரம்தான், அடுத்து கார்கில் 2,676, அப்புறம் லே. மணாலிதான் என்று அடம்பிடித்தால் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்.

யாருக்காவது தலைவலியோடு நடை தள்ளாடினால், ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல் நுனியைத் தொடும்படி அடி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் நுரைச்சளியும் வந்தால் நுரையீரலில். இரண்டுக்கும் உடனே கீழே இறக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும். விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

கேள்வி: நாகலூர் காபித் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மலைக்காரர்களுக்கு ரத்தமே வேறு என்கிறார்களே?
- வாசகர், ஏற்காடு

பதில்: ரத்தம் மாறும் அளவுக்கு சேர்வராயன் மலை உயரமில்லை. ஆண்டீஸ் மலைக்காரர்களுக்கு ஹீமோகுளோபின் கூடுதல். திபெத்தியர்களுக்கோ, ஈ.பி.ஏ.எஸ்.1 என்ற மரபணு மாறியிருப்பதால், அவ்வளவு உயரத்திலும் ரத்தம் கெட்டியாவதில்லை. அது தலைமுறை தலைமுறையாக நடந்தது. லேயில் நீங்களும் சேலத்துக்காரரும் ஒன்றுதான்.

கேள்வி: கற்பூரம் மோந்தால் ஆக்சிஜன் ஏறுமா? ஆக்சிஜன் டப்பா வாங்கலாமா?
- வாசகி, சூரமங்கலம்

பதில்: கற்பூரம் மூக்கைத் திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி தரும், ஆக்சிஜனை ஏற்றாது. குழந்தைகள் வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வரலாம், கைக்கு எட்டாமல் வையுங்கள். டப்பா சில நிமிடத்தில் காலி. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்துப் போங்கள். சில்லிட்ட விரலில் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். லேயில் முதல் நாள் 88, 90 என்று காட்டினால் பதறாதீர்கள், அங்கே அது சகஜம். கூட வந்தவர்களுக்கெல்லாம் 88 இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் எழுபதுகளில் இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்.