ஈறு சிவந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் காக்கர் ஸ்பேனியல் நாய்க்கு ஆறு வயசு, பத்து கிலோ. தன் சிவப்பணுக்களைத் தன் உடம்பே அழிக்கும் தன்னெதிர்ப்பு நோய் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோபிரின், ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல், மூன்றும் கொடுக்கிறோம். வெளுத்திருந்த ஈறு இப்போது சிவந்து நன்றாக ஓடுகிறாள், ஆனால் ஓயாமல் தண்ணீர் குடித்து வீடெல்லாம் மூத்திரம். ஸ்டீராய்டு போதும், நிறுத்து என்கிறார் பக்கத்து வீட்டு அங்கிள். ஆயா கறிக்குழம்பில் பிசைந்து ஊட்டினால்தான் மாத்திரை உள்ளே போகிறது. ஆயா இல்லாத நாளில் கர்ப்பமாக இருக்கும் அண்ணி கொடுக்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் தங்கச்சி. ஈறு சிவந்திருப்பது நோய் போய்விட்டதால் இல்லை, மாத்திரை அதை அடக்கி வைத்திருப்பதால். சட்டென்று விட்டால் சிவப்பணு மறுபடி உடைய ஆரம்பிக்கும். அது போதாதென்று, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததில், அதைத் தானே சுரக்கும் வேலையை மறந்துபோன அட்ரினல் சுரப்பி உடனே கைகொடுக்காது, வாந்தி, சோர்வு என்று நாய் சுருண்டு விழலாம்.

குறைக்கலாம், குறைத்தே ஆக வேண்டும். ஆனால் எப்போது என்பதை நாயின் ஓட்டத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ரத்த ரிப்போர்ட்டில் பிசிவி என்று ஓர் எண் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது அது. நல்ல உடம்புள்ள நாய்க்கு சுமார் 37 முதல் 55. அது 30-க்கு மேலே ஏறி இரண்டு வாரமாவது அங்கேயே நின்றால், முதலில் கால் பங்கு குறைப்பார்கள், அதாவது 20 மில்லிகிராம் வாங்குகிறவளுக்கு 15. அப்புறம் மூன்று வாரம் போல விட்டு, ரத்தம் பார்த்து, அடுத்த படி. எல்லாம் முடிய நாலு முதல் எட்டு மாதம் என்று மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். மூத்திரத் தொல்லை தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அசாதயோபிரினும் கூட இருப்பதால் ஸ்டீராய்டைக் கொஞ்சம் வேகமாகக் குறைக்க அவருக்கு வழி உண்டு. தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து ஒளித்துவிடாதீர்கள்.

கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது ஆயாவின் குழம்புதான். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை நேரடியாகவே உடைக்கும், வதக்கினாலும் அரைத்தாலும் பொடியாகப் போட்டாலும் அதே கதைதான். பிசிவி இறங்கும், நோய் திரும்பிவிட்டது என்று டாக்டர் ஸ்டீராய்டை ஏற்றுவார், நீங்கள் அங்கே குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள்! மசாலாக் கறியின் எண்ணெய் வேறு கணையத்துக்கு ஆகாது, அசாதயோபிரின் எடுக்கும் நாய்க்கு அது கூடுதல் ஆபத்து. உப்பில்லாமல் அவித்த கோழியை நார் நாராகப் பிய்த்து மூன்று உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டை வெறும் கோழி, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை அவள் கண்ணுக்கு எதிரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் இருக்கிற ஆசையில் இரண்டாவதை மெல்லாமலே விழுங்கிவிடுவாள். வேர்க்கடலை வெண்ணெய் என்றால் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லாததா என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், நாய்க்கு அது விஷம். ஆயாவுக்கு மனசு கேட்காது, தெரியும். உருண்டை பிடிக்கிற வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அண்ணி அசாதயோபிரினைத் தொடவே வேண்டாம். கொடுக்கிறவர் கையுறை போட்டுக் கொடுக்கட்டும், உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், மூத்திரம் துடைக்கும்போதும் கையுறை. இந்த மாத்திரை எலும்பு மஜ்ஜையையும் ஈரலையும் தாக்கக்கூடியது, அதனால் முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். குளோபிடோக்ரல் ஏதோ சைடு மாத்திரை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்த நோயில் நாய்களைக் கொண்டுபோவது ரத்தசோகை மட்டும் இல்லை, நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டியும்தான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காதீர்கள். யார் எதை எப்போது கொடுத்தார் என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள், உங்கள் வீட்டில் இரண்டு கை மாறுகிறதே. கால் நொண்டினாலும் வலி மாத்திரை எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். ஸ்டீராய்டோடு இபுப்ரோஃபென் மாதிரி எதுவும் சேர்ந்தால் வயிறு புண்ணாகி ஓட்டையே விழும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி, டானிக் எல்லாம் வேண்டாம், அடக்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம். தடுப்பூசி நாள் வந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் உண்ணி. நம் தென்னாப்பிரிக்காவில் பிலியரி என்கிற உண்ணிக் காய்ச்சல் லேசுப்பட்டது இல்லை, அதைக் கொண்டுவருவது பபேசியா ரோசி என்ற கடுமையான கிருமி, உண்ணி வழியாக வருகிறது, அதுவும் சிவப்பணுவைத்தான் தின்கிறது, இதே நோயை அதுவே கிளப்பிவிடுவதும் உண்டு. ஆரம்பத்தில் ரத்தத்தில் பிலியரி பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டர்பன் வெக்கையில் உண்ணிக்கு ஓய்வே கிடையாது, உண்ணி மாத்திரையைத் தேதி தவறாமல் கொடுங்கள்.

தினமும் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ மஞ்சள் தட்டினாலோ, மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, மலம் தார் மாதிரி கறுத்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாக இருந்தாலும் மாத்திரை டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.