கொரோலாவுக்கு ஒரு குட்டி இம்பாக்ட் டிரைவர்

தம்பி, கனடாவில் பிராம்ப்டன் வந்து ஐந்து மாதம் ஆகிறது, பழைய கொரோலா ஒன்று வாங்கியிருக்கிறேன், பிரேக் பேட் மாற்றுவது மாதிரி சில்லறை வேலைகளை நானே செய்யலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பேட்டரியில் ஓடும் சின்ன இம்பாக்ட் டிரைவர் எது வாங்கலாம், இல்லை கோயம்புத்தூரில் அப்பா வைத்திருக்கும் டிரில்லை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி.

அந்த டிரில் அப்பாவிடமே இருக்கட்டும். ஊரில் 230 வோல்ட், இங்கே சுவரில் 120 வோல்ட். மாட்டினாலும் திணறித்தான் சுற்றும். அதைவிட முக்கியம், டிரில் வேறு, இம்பாக்ட் டிரைவர் வேறு. இறுகிப்போன போல்ட்டில் டிரில்லை வைத்து அழுத்தினால் போல்ட் அசையாது, உங்கள் மணிக்கட்டுதான் திரும்பும். இம்பாக்ட் டிரைவருக்குள் ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கிறது. போல்ட் முரண்டு பிடித்த உடனே அது சுற்றும் திசையிலேயே தட்ட ஆரம்பிக்கும், நிமிடத்துக்கு 3000 தட்டுக்கு மேல். அடி முழுக்க போல்ட்டுக்குப் போகும், கைக்கு அதிகம் வராது.

இந்த ஊர் கார்களுக்கு அந்த அடி தேவை. குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். ஏழெட்டுக் குளிர்காலம் பார்த்த வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள், போல்ட் தலையெல்லாம் செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். ஊரில் ஸ்பேனரைப் போட்டு ஓர் எத்து எத்தினால் கழலுகிற போல்ட், இங்கே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும்.

சரி, எதை வாங்குவது? உங்கள் வேலைக்கு 12 வோல்ட் போதும் என்பேன். 18 வோல்ட் வாங்கச் சொல்லி நிறையப் பேர் சொல்வார்கள். வீடு கட்டுகிறவருக்கு அது சரி. காருக்கடியில், பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குப் பின்னால், டாஷ்போர்டுக்குள் கைவிட்டு வேலை செய்பவருக்குச் சிறிய உடம்புதான் பெரிய பலம். நான் வைத்திருப்பது மில்வாக்கி கம்பெனியின் எம்12 ஃப்யூயல். மூக்கிலிருந்து முதுகு வரை 13 சென்டிமீட்டர்தான், பேட்டரி கைப்பிடிக்குள்ளேயே போய்விடும். போஷ், மகிதா 12 வோல்ட்டும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டியவைதான். கடையில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள், விசையை மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். எனக்கு எந்த விளம்பர எண்ணையும்விட அந்த விசைதான் பெரிது. பிளாஸ்டிக் கிளிப்புக்குள் போகும் சின்ன ஸ்க்ரூவைக் காப்பாற்றுவது அதுதான்.

விளம்பர எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இங்கே பெட்டியில் முறுக்குவிசையை அங்குல-பவுண்டில் போடுவார்கள். 1300 என்று பார்த்து மலைத்துவிடாதீர்கள். 12 ஆல் வகுத்தால் 108 அடி-பவுண்டு, நம் கணக்கில் 147 நியூட்டன் மீட்டர் சொச்சம். அதேபோல 20 வோல்ட் மேக்ஸ் என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒன்றே. உள்ளே ஐந்து செல். ஒன்று முழு சார்ஜில் எண்ணுவது, மற்றது சராசரியில் எண்ணுவது. 12 வோல்ட்டில் மூன்று செல், சராசரி 10.8.

இன்னொன்று, இம்பாக்ட் டிரைவரின் வாய் கால் அங்குல அறுகோணம். ஸ்க்ரூ திருகும் முனையான பிட் போடத்தான் அது. போல்ட் தலையில் கவிழ்க்கும் சாக்கெட் போட ஓர் அடாப்டர் வேண்டும், அதன் கழுத்து மெலிசு. பெரிய போல்ட்டில் முறுக்கினால் முறியும். 10, 12, 14 மில்லிமீட்டர் தலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சக்கர நட் இதன் வேலை இல்லை. அதற்கு நீளக் கைப்பிடி வைத்த பிரேக்கர் பாரும் 21 மில்லிமீட்டர் சாக்கெட்டும் வாங்கி வையுங்கள், செலவும் குறைவு. சாக்கெட் எடுக்கும்போது கறுப்பு நிறத்தில் வருகிற இம்பாக்ட் சாக்கெட்டையே எடுங்கள். பளபளக்கும் குரோம் சாக்கெட் தட்டலில் வெடித்துத் தெறிக்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் விசையைத் தொடாதீர்கள்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்தது: இது கழற்றுகிற கருவி. இறுக்குவது உங்கள் கை. வந்த இரண்டாம் வருடம் ஆயில் மாற்றிவிட்டு, அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டை இம்பாக்டாலேயே இறுக்கினேன். டகடகவென்று இரண்டு வினாடி தட்டியது, அப்புறம் சத்தம் சட்டென்று மெலிந்து போல்ட் சும்மா சுற்றியது. வெளியே எடுத்துப் பார்த்தால் மரையைச் சுற்றி வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம். ஆயில் சட்டியின் மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்திருந்தது. அந்த போல்ட்டுக்கு வேண்டியது 40 நியூட்டன் மீட்டர் அளவுதான். சட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன்.

அதனால் இம்பாக்ட் டிரைவர் வாங்கும் அன்றே, வேண்டிய அளவு முறுக்குவிசையில் கையால் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் ஒன்று வாங்குங்கள். பணம் போதாவிட்டால் டார்க் ரெஞ்ச் முதலில், இம்பாக்ட் டிரைவர் அடுத்த மாதம். கொரோலாவின் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர், அதாவது 76 அடி-பவுண்டு. உங்கள் வருட மாடலின் கையேட்டில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த நட்டையும் போல்ட்டையும் முதல் நாலு சுற்று விரலால் திருகி ஏற்றிவிட்டு அப்புறம் கருவியைத் தொடுங்கள். சக்கரம் மாற்றி 100 கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் இன்னொரு முறை டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரியைக் காருக்குள்ளோ கராஜிலோ விடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது, செல் கெட்டுவிடும். வீட்டுக்குள் வைத்து, வேலைக்கு இறங்கும்போது ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

வாங்கும்போது பெட்டியை நன்றாகப் படியுங்கள். வெறும் கருவி மட்டும் வருகிற பெட்டியும், பேட்டரி சார்ஜரோடு வருகிற பெட்டியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் தடவை சார்ஜரோடு வருவதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது, ஆகவே இன்று எடுக்கும் கம்பெனியோடுதான் பத்து வருடம் இருப்பீர்கள். அவசரமில்லை என்றால் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடேக்குக் காத்திருங்கள். போட்டிருக்கும் விலைமேல் ஒன்டாரியோவில் 13 சதவீத வரி சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பிட் செட்டில் சதுர முனை பிட் இருக்கிறதா என்று பாருங்கள். ராபர்ட்சன் என்பார்கள். உங்கள் பக்கத்து ஊரான மில்டனில் தொழிற்சாலை வைத்திருந்த பி.எல். ராபர்ட்சன் 1909-இல் காப்புரிமை பெற்றது. ஊரில் நாம் அதிகம் பார்த்திராதது, இங்கே மரவேலை, மின்சாரப் பெட்டி எங்கும் அதுதான். சிவப்பு என்று கேட்டால் இரண்டாம் எண் பிட்டைக் கொடுப்பார்கள், அதுதான் அதிகம் உதவும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னீர்கள். டிரைவ்வேயில் கார் வேலை செய்யலாமா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இந்தக் கருவி சின்னதாக இருந்தாலும் சத்தம் பெரிது. காதை அடைத்துக்கொண்டு, பகலில் மட்டும் செய்யுங்கள்.

நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். நவம்பர் முதல் வாரம் விண்டர் டயர் மாற்ற உட்காருவேன், டார்க் ரெஞ்ச் அன்றைக்கு வெளியில்தான் இருக்கும். வாங்கும் முன் என் எம்12-ஐப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் கொரோலாவையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள், பிரேக் பேடையும் பார்த்துவிடலாம்.