நடுக்கம் போய் அவசரம் வந்தால்

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 64 வயது. பார்க்கின்சன் நோய்க்காக ஐந்து மாதம் முன்பு மூளையில் மின்முனை (கருவியிலிருந்து மின்துடிப்பு கொடுத்து மூளையைத் தூண்டும் மெல்லிய கம்பி) வைத்தார்கள். நடுக்கம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஆனால் இப்போது எதற்கும் பொறுப்பதில்லை. கைத்தடியை எடுக்காமல் சட்டென்று எழுகிறார், இரண்டு முறை விழுந்தும்விட்டார். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறார். பேசும்போது பாதியில் சொல் கிடைக்காமல் நிற்கிறார். இது மறதி நோயின் ஆரம்பமா? கருவியை அணைத்துவிடலாமா?"

தயவுசெய்து அணைக்காதீர்கள். ரிமோட் கையில் இருக்கிறது என்று வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயம் இல்லை இது. அணைத்த சில நிமிடங்களிலேயே நடுக்கம் திரும்பிவிடும், அடுத்த சில மணி நேரத்தில் விறைப்பும் நடையும் மோசமாகும். அறுவைக்குப் பிறகு பொதுவாக மாத்திரையையும் குறைத்திருப்பார்கள் என்பதால் அவர் திடீரென்று எந்தத் துணையும் இல்லாமல் நிற்பார்.

அப்பாவிடம் நீங்கள் பார்க்கும் அவசரத்துக்குக் காரணம் மின்முனை இருக்கும் இடமாகவே இருக்கலாம். அது பெரும்பாலும் வைக்கப்படுவது சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற நரம்பணு முடிச்சில். மூளையின் ஆழத்தில், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இருப்பது. பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் மூளை அறுவை மருத்துவர் பெனாபிட்டின் குழு 1990களில் இங்கே மின்தூண்டல் கொடுத்து அசைவு மேம்படுவதைக் காட்டியது. இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். வழக்கமாகக் கொடுப்பது நொடிக்கு சுமார் 130 மின்துடிப்புகள்.

அசைவைக் கவனிப்பது இந்த முடிச்சின் ஒரு வேலைதான். மூளையின் முன்பகுதியிலிருந்து நேரடியாக வரும் 'பொறு' என்ற செய்தியை வாங்கி, நடக்கவிருக்கும் செயலை ஒரு கணம் பிடித்து வைப்பதும் இதன் வேலை. இரண்டு சட்டைகளில் எதை எடுப்பது என்று கை அந்தரத்தில் நிற்குமே, அந்தக் கணம். மைக்கேல் ஃபிராங்கும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் சயன்ஸ் இதழில் இதை எழுதினார்கள். தேர்வு கடினமாக இருக்கும்போது யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைப்போம். கருவி இயங்கும்போது நோயாளிகள் அப்படிக் குறைக்கவில்லை. அதே ஆய்வில் பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் டோபமைன் மாத்திரையின் விளைவு வேறு மாதிரி இருந்தது: தவறான தேர்விலிருந்து பாடம் கற்பது குறைந்தது. ஆக, மாத்திரையும் கருவியும் அவசரத்தை வேறுவேறு வழியில் உண்டாக்கலாம். உங்கள் அப்பாவிடம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் மருத்துவரின் முதல் வேலை.

இந்த 'பொறு' வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதிய அட்டையைக் காட்டுவோம். எழுத்தைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். நுனி நாக்கில் 'சிவப்பு' வந்து நிற்கும், அதை அடக்கித்தான் 'பச்சை' என்று சொல்ல முடியும். தூண்டலின் அளவு கூடுதலாக இருக்கும்போது சிலருக்கு அந்த அடக்கல் கைவருவதில்லை. உதடு 'சி' என்று திறந்துவிடும், உடனே முகத்தில் ஒரு திடுக்கிடல், அப்புறம் திருத்திச் சொல்வார்கள். அந்தத் திடுக்கிடலை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். தவறு அவருக்கே தெரிகிறது. அறிவும், சோதனையின் விதி பற்றிய நினைவும் அப்படியே இருக்கின்றன, பிரேக் மட்டும் ஒரு கணம் தாமதமாகப் பிடிக்கிறது. மறதி நோயின் வழக்கமான முகம் இது இல்லை. பிடிவாதமும் இல்லை, அதனால் "எத்தனை தடவை சொல்றேன்" என்று அவரைக் கடிந்து பயனில்லை. ஆனாலும் உறுதி செய்ய வேண்டும். அறுவைக்கு முன்பு நினைவாற்றல், கவனப் பரிசோதனைகள் செய்திருப்பார்கள். அதையே மறுபடி செய்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

சொல் சிக்காமல் நிற்பதைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அதிகம் காணப்படும் அறிவுசார் மாற்றம் இதுதான். மின்முனை உள்ளே போனதாலேயே இதில் ஒரு பகுதி வந்திருக்கலாம், எனவே அளவை மாற்றினாலும் முழுக்கச் சரியாகாமல் போகலாம். சொல்லை எடுத்துக்கொடுக்க முந்தாமல் காத்திருங்கள். பேச்சுப் பயிற்சியும் கேட்டுப் பாருங்கள்.

அவசரத்துக்குச் செய்யக்கூடியது நிறைய உண்டு. மின்னோட்டத்தைச் சற்றுக் குறைக்கலாம். முடிச்சின் மேல், பின் பகுதி அசைவுக்கானது, கீழ்ப்பகுதி சிந்தனைக்கும் உணர்ச்சிக்கும் நெருக்கமானது. ஆகவே மின்முனைக் கம்பியில் மின்சாரம் வெளிவரும் புள்ளிகளில் கீழே இருப்பதற்குப் பதிலாக மேலே இருப்பதை இயக்கிப் பார்ப்பார்கள். நடுக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். விழாமல் இருப்பதற்காக அந்தச் சிறு நடுக்கத்தை ஏற்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் முடிவு அப்பாவுடையது, அவரிடம் கேளுங்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வில் நொடிக்கு 4 துடிப்பு என்ற மெதுவான தூண்டல் சிந்தனைக் கட்டுப்பாட்டுக்கு உதவியது, ஆனால் அசைவுக்கான சிகிச்சையாக இன்று கொடுப்பது வேகமான தூண்டல்தான்.

மருத்துவரிடம் "அவசரப்படுகிறார்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. இரண்டு வாரம் குறித்து வையுங்கள். 'செவ்வாய், மாலை 4.10. போன் அடித்தது, தடியில்லாமல் எழுந்தார். கடைசி மாத்திரை 1 மணிக்கு.' இப்படி இருந்தால் போதும். கூடவே, இது எப்போது தொடங்கியது, கடைசியாக அளவை மாற்றிய பிறகா, மாத்திரையை மாற்றிய பிறகா என்பதும் வேண்டும். விழுவது தொடர்வதால் குறிப்பேடு முடியும்வரை காத்திராமல் இன்றே நேரம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் தடியை அவர் கைக்கு நேர் எதிரே வையுங்கள். நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். அவசரத்தில் பணம் போகாமலிருக்க, பெரிய தொகைக்கு இருவர் கையெழுத்து என்று அவர் சம்மதத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தலையில் மாட்டும் மின்தூண்டல் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன, உள்ளே கருவி இருப்பவருக்கு அவை வேண்டவே வேண்டாம்.

திடீரென்று தூக்கமே இல்லாமல் உற்சாகம் பொங்கினால், ஓயாமல் பேசினால், பணத்தை இறைத்தால் அன்றே மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. மாத்திரை வேகமாகக் குறைந்தால் சிலர் எதிலும் நாட்டமில்லாமல் சுருண்டுவிடுவார்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் ஆண்டில் தற்கொலை எண்ணம் பற்றிக் கூடுதல் கவனம் தேவை. அப்படி ஒரு சொல் அவர் வாயில் வந்தால் மறுநாள் வரை விடாமல், அவரைத் தனியே விடாமல், அப்போதே அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.