அலமாரியில் இருக்கிற தட்டு போதும்

கேள்வி: டோக்கியோவில் வசிக்கிறேன். கணவர் ஜப்பானியர், வீட்டுக்கு ஒரே மகன். பிப்ரவரியில் மாமனார் காலமானார். மாமியார் கியூஷுவில் அரிதா என்ற ஊரில் தனியாக இருக்கிறார். இந்த ஆகஸ்ட்டில் மாமனாருக்கு முதல் ஓபோன் (இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவதாக நினைத்துக் கும்பிடுகிற நாட்கள்) வருகிறது. துக்கம் நடந்த வீட்டுக்கு ஊதுவத்தி கொடுப்பது இங்கே வழக்கம். சாதாரண வத்தியாக இல்லாமல் நல்ல அகில்கட்டைத் துண்டுகளும், அதை வைத்துப் புகைக்கக் கையால் செய்த ஒரு பீங்கான் தட்டும் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் சேர்த்து 32,000 யென். தட்டும் அரிதாவில் செய்ததுதான். மாமனார் ஓய்வு பெறும்வரை அங்கே ஒரு சூளையில் சக்கரத்தில் வேலை பார்த்தவர். வீடு முழுக்கப் பழைய தட்டும் கிண்ணமுமாக அடைந்து கிடக்கும், அதனால் இடத்தை அடைக்காத மாதிரி சின்னதாகவே எடுத்திருக்கிறேன். கடைக்காரர்களே நேரே அனுப்பிவிடுவார்கள். தட்டு ஒன்றாகக் கொடுப்பதா, ஐந்தாகவா? மேலே சுற்றும் தாளில் என்ன எழுதச் சொல்வது? அகிலா, சந்தனமா? எது கொடுத்தால் தப்பாகாது?

— ஒரு வாசகி, டோக்கியோ

பதில்: எது கொடுத்தால் தப்பாகாது என்ற கேள்வி எனக்கு வாரம் ஒன்றாவது வரும். தீபாவளிச் சீரில் ஆரம்பித்து அறுபதாம் கல்யாணம் வரைக்கும் எல்லாரும் கேட்பது இதைத்தான். கொடுக்கிறவருக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்ற கவலை, அவ்வளவுதான். வாங்கிக்கொள்கிறவரைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. நீங்களும் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மூன்றும் கடைக்காரர் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். நான் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்காக.

"வீடு முழுக்கப் பழைய தட்டும் கிண்ணமுமாக அடைந்து கிடக்கும்."

அம்மா, அது யார் செய்த தட்டு?

உங்கள் மாமனார் அதே ஊரில் சக்கரத்தில் உட்கார்ந்து பீங்கான் வனைந்தவர் என்று அதற்கு முந்தின வாக்கியத்தில் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை என்று சிரித்துவிட்டு விட்டிருப்பேன், ஆனால் இங்கே அந்தக் கொல்லன் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அவர் அடித்த ஊசி எல்லாம் அவர் மனைவியின் அலமாரியில் இருக்கிறது, மருமகள் கடையிலிருந்து ஒரு ஊசி வாங்கி அனுப்புகிறாள்.

அரிதா ஏதோ ஒரு சின்ன ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் பீங்கான் பிறந்ததே அங்கேதான். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யீ சாம்-பியோங் என்ற குயவர் இசுமியாமா குன்றில் பீங்கானுக்கு ஏற்ற கல்லைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, 1616ஆம் ஆண்டைத்தான் அந்த ஊர் தன் பிறந்த வருடமாகக் கொண்டாடுகிறது. 2016இல் 400 வருட விழா எடுத்தார்கள். பழைய சூளைகளை இடித்த செங்கல்லை வைத்தே சந்துகளில் மதில் கட்டியிருக்கிறார்கள். தோசான் கோயிலின் வாசல் தோரணம்கூடப் பீங்கான்தான். கல்யாணமாகி எத்தனை தடவை போனீர்களோ, இதெல்லாம் கண்ணில் பட்டிருக்கும்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அரிதாவில் ஒரு தட்டை ஒரே ஆள் முழுதாகச் செய்து முடிப்பது வழக்கமில்லை. வனைகிறவர் ஒருவர், நீலத்தில் கோடு போடுகிறவர் ஒருவர், அந்தக் கோட்டுக்குள் தடித்த தூரிகையால் வண்ணத்தை நிரப்புகிறவர் இன்னொருவர். பிறகுதான் மேற்பூச்சு, 1,300 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு. கடைசியில் அடிப்பக்கம் இருக்கிற முத்திரை சூளையுடையது. சக்கரத்தில் உட்கார்ந்தவன் பேர் எங்கேயும் இருக்காது. நாற்பது வருடம் வனைந்தாலும் இருக்காது. அதாவது உங்கள் மாமியார் வீட்டில் அடைந்து கிடக்கிறதே, அதில் எது அவர் கை பட்டது, எது சும்மா வாங்கினது, எது விளிம்பு கொஞ்சம் கோணிப் போய் விற்பனைக்கு ஆகாமல் வீட்டுக்கு வந்தது என்பது தட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியாது. இப்போது அது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அந்த அம்மா தனியாக இருக்கிறார். அவர் காலம் முடிந்தபிறகு நீங்களும் உங்கள் கணவரும் போய் வீட்டை ஒழிக்கும்போது, ஒன்றும் தெரியாமல் மொத்தத்தையும் பழைய சாமான் கடைக்காரரிடம் எடைக்குப் போடுவீர்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். கோட்டுக்குள் வண்ணம் நிரப்புகிற வேலை அந்த ஊரில் காலம்காலமாகப் பெண்கள் பார்த்தது. உங்கள் மாமியார் கல்யாணத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்? மாமனாரைப் பற்றி ஒரு வரி எழுதினீர்கள், அவரைப் பற்றி அது கூட இல்லை, "தனியாக இருக்கிறார்" என்பதைத் தவிர. நான் ஒன்றும் ஊகிக்கவில்லை, அவர் தபால் ஆபீஸில்கூட வேலை பார்த்திருக்கலாம். ஆனால் உங்களால் எனக்குப் பதில் சொல்ல முடியுமா?

அதனால் தட்டு வாங்காதீர்கள். ஒன்றும் வேண்டாம், ஐந்தும் வேண்டாம். வாங்கிவிட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். (நாலு ஆகாது, சாவுக்கான சொல் மாதிரி ஒலிக்கும், ஐந்துதான் அங்கே செட் என்பதெல்லாம் சரிதான், ஆனால் அந்தக் கணக்குக்கே இப்போது வேலை இல்லை.)

வத்தி கொண்டு போங்கள். கொண்டு போங்கள் என்கிறேன், அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. 595ஆம் வருடம் அவாஜி தீவில் ஒரு பெரிய கட்டை கரை ஒதுங்கியது, ஊர்க்காரர்கள் விறகோடு அடுப்பில் வைத்தார்கள், வாசனை தூரத்துக்குப் போனதும் இது ஏதோ வேறு என்று அரசவைக்குக் கொண்டு போய்க் கொடுத்தார்கள் என்று அவர்களுடைய பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. ஜப்பானில் அகில் பற்றி எழுதி வைத்த முதல் செய்தியே அதுதான். எந்தத் தாளில் சுற்றுவது என்று தெரியாத ஊர்க்காரர்கள், எடுத்துக்கொண்டு நேரில் போனார்கள். இன்றைக்கு ஜப்பானில் செய்கிற ஊதுவத்தியில் பெரும்பங்கு அதே தீவிலிருந்துதான் வருகிறது. தங்கள் பெருமைக்காக அகிலைத் தொட்டவர்களும் உண்டு, நாராவில் சோசோஇன் கருவூலத்தில் இருக்கிற ராஞ்சதாய் என்ற கட்டையிலிருந்து 1574இல் ஓதா நொபுனாகா என்ற போர்த்தலைவர் துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். எடுக்கிற தகுதி தனக்கு இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்காக. நீங்கள் 32,000 யென் என்று கணக்குச் சொன்னபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விலையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அங்கே துக்கத்துக்கு வந்ததற்கு மூன்றில் ஒரு பங்கோ பாதியோ திருப்பிச் செய்வது முறை. பிள்ளை வீட்டுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் டிபார்ட்மென்ட் ஸ்டோர் பெட்டியாகத் தாள் சுற்றிக் கூரியரில் போய் இறங்கினால் அது பிள்ளை வீட்டிலிருந்து வந்த மாதிரியா இருக்கும்? கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இருக்கும். புருஷனைப் பறிகொடுத்த ஒரு வயதான அம்மா, மகனுக்கே பதில்மரியாதை வாங்கி அனுப்பக் கடைக்குப் போய் நிற்பார். அவர் தலைமுறை அப்படித்தான். நீங்கள் அந்த வீட்டு மருமகள், விருந்தாளி இல்லை. முதல் ஓபோனுக்கு வெள்ளை விளக்குக் கட்டி வாசலைப் பெருக்கி வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேரும். நம் ஊரில் அப்பாவின் தலைத் திவசத்துக்கு ஒரே பிள்ளை பார்சல் அனுப்பினான் என்றால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

சரி, கேட்டதற்கும் பதில் சொல்கிறேன்.

அகில்கட்டைத் துண்டுகளை அங்கே வத்தி மாதிரிக் கொளுத்துவதில்லை. கிண்ணத்தில் சாம்பல் நிரப்பி, அதற்குள் பற்றவைத்த சின்னக் கரித்துண்டைப் புதைத்து, மேலே வைத்துச் சூடு மட்டும் காட்டுவார்கள். கரிந்து புகை மண்டினால் வாசனை போச்சு. சாம்பல் கொள்ளாத தட்டையான சின்னத் தட்டில், அதுவும் மெல்லிய பீங்கானில், தணலை நேரே வைத்தால் தட்டு விரிசல் விடும், கீழே இருக்கிற பாய் கருகும். கடையில் தட்டையும் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைத்தது அழகுக்காக. தனியாக இருக்கிற வயதானவர் வீட்டில் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம். வத்தியாகச் செய்ததையே வாங்குங்கள், புகை குறைவாக வருகிற வகை எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

அகிலா சந்தனமா என்றால், எனக்குச் சந்தனம். உயர்ந்த அகில் வகைக்கு வியட்நாமைச் சொல்வார்கள், சந்தனம் என்று வந்தால் ஜப்பானிய வத்திக்காரர்கள் தனிப்பெயர் வைத்துத் தூக்கிப் பிடிப்பது நம் மைசூர்ப் பக்கத்துச் சந்தனத்தைத்தான். உங்கள் மாமியாரிடம் "இது எங்கள் பக்கத்து மரம்" என்று ஒரு வாக்கியம் உங்கள் ஜப்பானிய மொழியில் சொல்ல முடியும், பேச்சு அங்கே தொடங்கும். பெட்டி 3,000 யென்னுக்குள் நல்லதாகவே வரும். ஊரிலிருந்து அம்மாவிடம் சொல்லிக் கட்டையை வரவழைக்கலாமே என்று யோசிக்காதீர்கள். சந்தன மரத்தை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அகிலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிற மரம்தான். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தாளைப் பற்றிக் கவலையே வேண்டாம், கடையில் முதல் ஓபோன் என்று சொன்னாலே காணிக்கைக்கு உரிய எழுத்தை அவர்களே எழுதித் தருவார்கள். சிவப்பு நாடா மட்டும் கூடாது. கறுப்பு வெள்ளை அல்லது மஞ்சள் வெள்ளை. உங்கள் கணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர்கள் குடும்பம் பௌத்தத்தில் எந்தப் பிரிவு? ஜோதோ ஷின்ஷு என்றால் வத்தியை ஒடித்துச் சாம்பல்மேல் படுக்கவைப்பார்கள், ஜென் பிரிவு என்றால் ஒன்றை நட்டு நிறுத்துவார்கள். அப்பா செத்து இத்தனை மாதமாகியும் அது தெரியாது என்று அவர் சொன்னால், என் பங்குக்கு அவரையும் நாலு வார்த்தை திட்டுங்கள். இந்தப் பரிசு விஷயம் முழுக்க உங்கள் தலையில் எப்படி வந்து விழுந்தது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது. அவருடைய அப்பா. விடுமுறை குறைவு, செலவு அதிகம் என்று எதுவோ சொல்லியிருப்பார். நீங்கள் எழுதவில்லை, ஆனால் "கடைக்காரர்களே நேரே அனுப்பிவிடுவார்கள்" என்ற வரியில் அவர் குரல் கேட்கிறது.

போனதும் வத்திப் பெட்டியை மாமியார் கையில் கொடுத்து, புத்சுதானுக்கு, அதாவது வீட்டுப் பூஜை மாடத்துக்கு, முன்னால் உட்கார்ந்து முதல் வத்தியை ஏற்றிக் கும்பிடுங்கள். அப்புறம் சாயங்காலம், வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு, அலமாரியைக் காட்டி, "இதில் அப்பா வனைந்தது எது?" என்று கேளுங்கள். அவர் ஒன்றுமே இல்லை, எல்லாம் உதவாத சாமான் என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள். எடுத்துக் காட்டினால் போனில் படம் பிடித்து, அவர் சொல்கிறதை உங்கள் கணவரை எழுதச் சொல்லுங்கள், எந்த வருடம், எந்தச் சூளை, யார் வண்ணம் தீட்டினார்கள் என்று. நீங்கள் தேடிக்கொண்டிருந்த மாதிரி ஒரு சின்னத் தட்டு அதிலேயே இருக்கும். வத்தியின் சாம்பல் விழ அது போதும். அவராகக் கொடுத்தால் டோக்கியோவுக்கு ஒன்று கொண்டு வாருங்கள். கேட்டு வாங்காதீர்கள்.

கியூஷுவில் ஹகாதா ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் மிதோரி ரயில் அரிதாவிலேயே நிற்கும். ஓபோன் வாரத்தில் ரயில்கள் நிரம்பி வழியும், ஜே.ஆர். ரயில் முன்பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்னால் காலை 10 மணிக்குத் திறக்கிறது. ஆகஸ்ட் 12 என்றால் ஜூலை 12. டிக்கெட்டை உங்கள் கணவர் எடுக்கட்டும்.